பெயர் இல்லாத ஒரு பிடில் மெட்டு

(தொழிலாளர் படிப்பு வட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பஞ்சப்படி, போனஸ், குத்தகைப் பாக்கி, கூலி உயர்வு என்று பேசிப் பழகிய இடத்தில் இன்று ஒரு பிடில் மெட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அதுவும் நம் ஊர் மெட்டு அல்ல. இங்கிலாந்துக்கு மேற்கே, அட்லாண்டிக் சமுத்திரத்தின் ஓரத்தில் கிடக்கும் அயர்லாந்துத் தீவின் மெட்டு. "வயிற்றுப் பாட்டுக்கு வழியைக் காணோம், பிடில் பாட்டு எதற்கு?" என்று யாராவது கேட்டால் அது தவறான கேள்வி அல்ல.

பதிலுக்கு நாம் ஒரு கேள்வி கேட்கிறோம். ஆலையில் நாம் நெய்கிற துணியின் ஓரத்தில் யார் பெயர் அச்சாகிறது? நெய்தவன் பெயரா? இல்லை, மில்லின் பெயர். களத்தில் நாம் அளந்து கட்டிய நெல் மூட்டை யார் கணக்கில் ஏறுகிறது? அறுத்தவன் கணக்கிலா? இல்லை, மிராசுதார் கணக்கில். துணிக்கும் நெல்லுக்கும் நடப்பது பாட்டுக்கும் நடக்குமா? நடக்கும், நடந்திருக்கிறது. எப்படி நடந்தது என்பதை ஆதாரத்தோடு பார்ப்பதுதான் இன்றைய பேச்சு.

இந்த மெட்டுக்கு உலகம் முழுவதும் வழங்கும் பெயர் "லண்டன்டெர்ரி ஏர்". இங்கிலீஷில் 'ஏர்' என்றால் மெட்டு. உழவர் தோழர்கள் கலப்பையை நினைத்துக்கொள்ள வேண்டாம். "டானி பாய்" என்ற இங்கிலீஷ் பாட்டு இந்த மெட்டில்தான் பாடப்படுகிறது. கிராமபோன் தட்டு, ரேடியோ, சினிமா, மாதா கோயில், சாவு வீடு என்று இது போகாத இடமில்லை.

இது முதன்முதலாக அச்சேறியது 1855-ல். டப்ளின் நகரத்தில் ஜார்ஜ் பெட்ரி என்று ஒருவர் இருந்தார். சித்திரக்காரர், பழம்பொருள் ஆராய்ச்சியாளர், தாமே பிடில் வாசிப்பவர். அயர்லாந்தின் பழைய மெட்டுகள் அழிந்துபோகாமல் காப்பாற்ற 1851-ல் ஒரு சங்கம் ஏற்பட்டது. அந்தச் சங்கத்தின் வெளியீடாக, பெட்ரி சேர்த்துவைத்திருந்த மெட்டுகளில் ஒரு பகுதி 1855-ல் புஸ்தகமாக வந்தது. அதில் நம் மெட்டு இருக்கிறது. அதற்குப் பெட்ரி ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். அதன் சாராம்சம் இது: இந்த அழகான மெட்டை அனுப்பியவர் லிமவாடி ஊரைச் சேர்ந்த மிஸ் ஜேன் ராஸ், அவருக்கு நன்றி, மெட்டின் பெயர் என்ன என்று அவரால் தெரிந்துகொள்ள முடியவில்லை, ஆனால் மிகப் பழமையான மெட்டு இது.

அனுப்பிய சீமாட்டியின் பெயர் இருக்கிறது. அச்சுப் போட்டவரின் பெயர் இருக்கிறது. வாசித்துக் காட்டியவன் பெயர்? இல்லை. மெட்டுக்கும் பெயர் இல்லை. பெயர் இல்லாத பொருளுக்குப் பின்னால் ஒரு பெயர் ஒட்டப்பட்டது. அது எந்த ஊரிலிருந்து கிடைத்ததோ அந்த ஜில்லாவின் பெயர்: லண்டன்டெர்ரி.

இந்த ஜில்லாப் பெயரைக் கொஞ்சம் கிளறிப் பார்க்க வேண்டும்.

ஐரிஷ் பாஷையில் 'டெர்ரி' என்பதற்கு ஓக் மரத்தோப்பு என்று பொருள். அதற்கு முன்னால் லண்டன் எப்படி வந்தது? ரோ ஆறு பாயும் அந்தச் சமவெளி முன்பு ஓ'கஹான் என்ற ஐரிஷ் குலத்தாரிடம் இருந்தது. 1603-ல் முடிந்த பெரிய யுத்தத்தில் வடக்கு அயர்லாந்தின் குலத் தலைவர்கள் இங்கிலாந்து ராஜ்யத்திடம் தோற்றார்கள். 1607-ல் பெரிய தலைவர்கள் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போய்விட்டார்கள். ஓ'கஹான் தலைவரைப் பிடித்து, விசாரணையே இல்லாமல் லண்டன் கோட்டைச் சிறையில் வைத்தார்கள். அவர் அங்கேயே செத்தார். நிலம் யாருக்குப் போயிற்று? 1613-ல் ஜேம்ஸ் ராஜா ஒரு சாசனம் எழுதி, லண்டன் நகரத்து வியாபாரிகளின் கையில் அந்த ஜில்லாவை ஒப்படைத்தான். மீன் வியாபாரிகள் கம்பெனி, மளிகை வியாபாரிகள் கம்பெனி, துணி வியாபாரிகள் கம்பெனி, உப்பு வியாபாரிகள் கம்பெனி, பொற்கொல்லர் கம்பெனி என்று பன்னிரண்டு பெரிய கம்பெனிகள் நிலத்தைப் பங்கு போட்டுக்கொண்டன. டெர்ரி லண்டன்டெர்ரி ஆயிற்று.

இந்த ஜாதகம் நமக்குப் புதிதல்ல. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எலிசபெத் ராணி சாசனம் கொடுத்தது 1600-ல். அதே லண்டன் நகரம், அதே வியாபாரி வர்க்கம். கிழக்கே ஒரு கையை நீட்டினார்கள், மேற்கே ஒரு கையை நீட்டினார்கள். ஆக, மெட்டின் நெற்றியில் ஒட்டியிருக்கிற பெயர் அதைப் படைத்த ஜனங்களின் பெயர் அல்ல. நிலத்தை எடுத்துக்கொண்டவர்களின் விலாசம். இன்றைக்கும் ஐரிஷ் தேசிய உணர்ச்சி உள்ளவர்கள் லண்டனை விட்டுவிட்டு "டெர்ரி" என்றுதான் சொல்வார்கள். இந்த மெட்டுக்கு வாத்திய உருவம் கொடுத்துப் பிரபலமாக்கிய பெர்ஸி கிரெயிஞ்சர் என்ற ஆஸ்திரேலிய சங்கீத வித்வானும் "டெர்ரி ஜில்லாவின் ஐரிஷ் மெட்டு" என்றே தலைப்பிட்டார். அதற்காக அவருக்கு ஒரு கும்பிடு.

அதற்கு முன்னால் இந்த மெட்டு எங்கே இருந்தது?

லிமவாடிக்கு வடக்கே, சில மைல் தூரத்தில், கடலோரமாக மெகில்லிகன் என்ற இடம். அங்கே டெனிஸ் ஹெம்ப்ஸன் என்ற ஹார்ப் வித்வான் வாழ்ந்தார். ஹார்ப் என்பது நம் பழைய யாழின் இனம். மூன்று வயதில் அம்மை கண்டு இரண்டு கண்ணும் போனவர். கம்பித் தந்திகளை நீண்ட நகங்களால் மீட்டும் பழைய முறையை விடாமல் வைத்திருந்தவர். 1807-ல் செத்தபோது வயது 112 என்பார்கள்.

1792 ஜூலையில் பெல்பாஸ்ட் நகரத்தில் அயர்லாந்தின் ஹார்ப் வித்வான்களை எல்லாம் கூட்டினார்கள். மிச்சமிருந்து வந்து சேர்ந்த ஐரிஷ்காரர் பத்தே பேர். அதில் ஆறு பேர் குருடர்கள். எல்லோரிலும் மூத்தவர் ஹெம்ப்ஸன். அவர்கள் வாசித்ததை எழுதிக்கொள்ள எட்வர்ட் பண்டிங் என்ற 19 வயதுப் பையனை உட்காரவைத்தார்கள். அந்தப் பையன் பிறகு வாழ்நாள் முழுவதும் அந்த வேலையாகவே இருந்தான். ஹெம்ப்ஸனிடமிருந்து அவன் எழுதிய மெட்டுகளில் "இளைஞனின் கனவு" என்று பொருள்படும் ஐரிஷ் பெயர் கொண்ட ஒன்று உண்டு. 1796-ல் பண்டிங்கின் முதல் புஸ்தகத்தில் அச்சாயிற்று. நம் மெட்டின் தாய் அதுதான், அல்லது தாய்வழி உறவாவது இருக்கிறது என்று 1979-ல் ஹியூ ஷீல்ட்ஸ் என்ற ஐரிஷ் ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டினார். 2000-ல் பிரையன் ஆட்லி என்பவர் விரிவான கட்டுரை எழுதி அந்த வழியை இன்னும் தெளிவாக்கினார்.

அந்த 1792 கூட்டம் எந்தச் சூழ்நிலையில் நடந்தது என்பதையும் தோழர்கள் கவனிக்க வேண்டும். பாரிஸில் பாஸ்டில் சிறைச்சாலையை ஜனங்கள் உடைத்த நாள் ஜூலை 14. அதன் மூன்றாவது ஆண்டு விழாவை பெல்பாஸ்ட் ஜனங்கள் ஊர்வலம் விட்டுக் கொண்டாடினார்கள். அந்த வாரத்தில்தான் ஹார்ப் கச்சேரியும் நடந்தது. முந்தைய வருஷம், 1791-ல், அதே பெல்பாஸ்டில் ஐக்கிய ஐரிஷ்காரர் சங்கம் பிறந்திருந்தது. கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் மத வித்தியாசத்தை விட்டு ஒன்றுசேர்ந்து ஆங்கில ஆதிக்கத்தை எதிர்க்க வேண்டும் என்பது அதன் கொள்கை. பண்டிங் வளர்ந்ததே அந்தச் சங்கத்து வீரன் ஹென்றி ஜாய் மெக்ராக்கனின் வீட்டில். 1798-ல் மெக்ராக்கன் ஆயுதம் ஏந்திப் போராடினான், பெல்பாஸ்டில் தூக்கிலிட்டார்கள். அவனுடைய சகோதரி மேரி ஆன், நீக்ரோ அடிமை வியாபாரத்தை எதிர்த்துக் கிழவியாகும் வரையில் பாடுபட்டவள். பழைய மெட்டுகளைப் பாதுகாத்தது எந்த மாதிரி வீடு என்பதற்காகச் சொல்கிறோம்.

ஒரு வேடிக்கையும் உண்டு. ஐக்கிய ஐரிஷ்காரர்களின் பெரிய தலைவர் வுல்ப் டோன் அந்தக் கச்சேரிக்கு வந்திருந்தார். அவருக்கு ஹார்ப் சத்தம் சலித்துப் போயிற்று; டைரியில் அலுத்துக்கொண்டு எழுதிவைத்தார். தலைவர்களுக்குச் சங்கீதம் ஏறாமல் போவது உண்டுதான். நல்ல வேளை, பண்டிங் டைரி எழுதவில்லை, மெட்டை எழுதினான்.

இனி 1845-க்கு வருவோம். அயர்லாந்துக் குடியானவன் கோதுமை விளைவித்தான், ஓட்ஸ் விளைவித்தான், மாடு வளர்த்தான். அதெல்லாம் குத்தகைக்கும் ஏற்றுமதிக்கும் போயிற்று. அவன் தின்றது உருளைக்கிழங்கு. 1845-ல் கிழங்குச் செடியில் ஒரு நோய் விழுந்தது. வருஷத்துக்கு வருஷம் கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகிற்று. 1841 ஜனத்தொகைக் கணக்கில் அயர்லாந்தில் 81 லட்சத்துக்கு மேல் ஜனங்கள். 1851 கணக்கில் சுமார் 65 லட்சம். பத்து லட்சம் பேர் பசியிலும் ஜுரத்திலும் செத்தார்கள். இன்னும் பத்து லட்சத்துக்கு மேல் கப்பலேறினார்கள். அந்த நாட்களிலும் துறைமுகங்களிலிருந்து தானியம் இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. இயற்கை கெடுத்தது கிழங்கை மட்டும். மீதியைக் கெடுத்தது ஏகாதிபத்தியம்.

நிவாரணத்தின் கஜானாச் சாவியை லண்டனில் கையில் வைத்திருந்த அதிகாரி சார்லஸ் டிரெவெல்யன். தாராளமாகக் கொடுத்தால் ஜனங்கள் சோம்பேறிகளாகிவிடுவார்கள் என்ற சித்தாந்தம் அவருக்கு. பஞ்சத்தில் தெய்வத்தின் கருணைக் கையைக் கண்டு 1848-ல் புஸ்தகமும் எழுதினார். இவர் நமக்கு அந்நியர் அல்ல. 1859-ல் சென்னை மாகாணத்துக்குக் கவர்னராக வந்து இறங்கியவர் இதே டிரெவெல்யன்தான். சென்னையில் பீப்பிள்ஸ் பார்க் போட்டவர் என்று இங்கே அவருக்குப் பெயர்.

பஞ்சத்துக்கு முன் அயர்லாந்தின் சாலைகளிலும் வயல்களிலும் பாட்டுச் சத்தம் கேட்டபடி இருக்கும் என்றும், பஞ்சத்துக்குப் பின் அந்தச் சத்தம் அடங்கிவிட்டது, மிஞ்சியது ஒப்பாரிதான் என்றும் 1855 புஸ்தகத்தின் முகவுரையில் பெட்ரி எழுதுகிறார். மெட்டுகளைக் காப்பாற்றச் சங்கம் வைத்தது 1851-ல் என்று சொன்னோம் அல்லவா? அது ஏன் அந்த வருஷம் என்பது இப்போது விளங்கும். பாடுகிறவன் செத்துக்கொண்டிருந்தான், அல்லது கப்பலில் இருந்தான். அவனிடமிருந்து மெட்டை மட்டுமாவது வாங்கி வைத்துக்கொள்ள அவசரப்பட்டார்கள்.

அந்த அவசர காலத்தில்தான் ஜேன் ராஸின் காதில் இந்த மெட்டு விழுந்தது.

ஜேன் ராஸ் 1810-ல் பிறந்து 1879-ல் காலமானவர். லிமவாடியின் பெரிய தெருவில் வசதியான வீடு. ஜில்லாவின் மெட்டுகளைச் சேர்க்கும் பழக்கம் அவருக்கு உண்டு. சந்தை நாளில் வீட்டுக்கு எதிரே ஒரு பிடில்காரன் வாசித்தான், அவர் ஜன்னலைத் திறந்து கேட்டார் என்பது லிமவாடி ஜனங்கள் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு. அந்தப் பிடில்காரன் பெயர் ஜிம்மி மெக்கரி என்றும், அவன் கண் தெரியாதவன் என்றும் சொல்கிறார்கள்.

இங்கே பிடிலைப் பற்றி இரண்டு வார்த்தை. ஹார்ப் பெரிய இடத்து வாத்தியம். குலத் தலைவர்களின் மாளிகையில் வளர்ந்தது. தலைவர்கள் போனார்கள், ஹார்ப்பும் அவர்கள் பின்னாலேயே போயிற்று. அது விட்டுப்போன மெட்டுகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டது பிடில். பிடில் அக்குளில் அடங்கும். மழை வந்தால் கோட்டுக்குள் மறைத்துக்கொள்ளலாம். அயர்லாந்தில் ஏழை வீட்டுக் குழந்தைக்கு அம்மையில் கண் போனால் வாத்தியம் கற்றுக்கொடுப்பார்கள். பார்வை இல்லாதவன் ஏர் பிடிக்க முடியாது, கிழங்கு தோண்டப் போக முடியாது. வில்லைப் பிடித்தாவது பிழைக்கட்டும் என்பதற்காக. கல்யாணத்துக்கும் சந்தைக்கும் வாசித்துக் காசு வாங்குவது அவன் தொழில். கலை வளர்க்க அவன் போகவில்லை தோழர்களே, கூலி வேலைக்குப் போனான்.

லிமவாடி ஜனங்கள் சொல்லும் கதையில் ஒரு நயமான இடம் இருக்கிறது. சந்தையில் வழக்கமாக ஒரு பென்னி போடுவார்கள். குருட்டுப் பிடில்காரன் காசை உதட்டில் தேய்த்து இன்ன காசு என்று கண்டுகொள்வான். அன்று கையில் விழுந்த காசு உதட்டுக்கு வேறு மாதிரி இருந்தது. அது இரண்டு ஷில்லிங், அதாவது 24 பென்னி. யாரோ தவறிப் போட்டுவிட்டார்கள் என்று எண்ணி, போட்ட சீமாட்டியைத் தேடிப் போய்த் திருப்பிக் கொடுத்தானாம். "தவறு இல்லை, வைத்துக்கொள்" என்றாராம் ஜேன் ராஸ். மறுபடி வாசிக்கச் சொல்லி மெட்டை எழுதிக்கொண்டாராம்.

இந்தக் கதை ஒவ்வொரு எழுத்தும் நிஜமா என்று கோர்ட்டில் நிரூபிக்க முடியாது. ஆனால் எந்தக் கதையை யார் சொல்லுகிறார்கள் என்பதைப் பாருங்கள். இதே மெட்டுக்கு வேறொரு கதையும் உண்டு. ஓ'கஹான் குலத்தைச் சேர்ந்த ரோரி டால் என்ற ஹார்ப் வித்வான் ரோ ஆற்றங்கரையில் மயங்கிக் கிடந்தபோது தேவதைகள் வந்து வாசித்தன, அதைக் கேட்டு எழுந்து அவர் பாடினார் என்று. தேவதைகளுக்குக் கொடுப்பார்கள், பிரபுக்களுக்குக் கொடுப்பார்கள். சந்தைக்கடைக் குருடனுக்குக் கொடுத்தது ஊர் ஜனங்களின் கதை மட்டுமே. நம் ஓட்டு இரண்டாவதற்கு அல்ல, முதலாவதற்கு.

ஓட்டு மட்டும் போதாது, சான்று வேண்டும். சான்று இருக்கிறது, அது வேடிக்கையான இடத்தில் இருக்கிறது.

ஜேன் ராஸ் எழுதிய மூலக் காகிதம் கிடைக்கவில்லை. பிறகு அந்தப் பிரதேசத்தில் மெட்டு சேர்க்கப் போனவர்களுக்கும் வேறு எந்தப் பாடகரிடமிருந்தும் இதே மெட்டு அகப்படவில்லை. அதோடு, ஐரிஷ் பாட்டுகளின் அடிக்கணக்குக்கு இந்த மெட்டின் நடை பொருந்தவில்லை. ஐரிஷ் சொற்களை இதில் உட்காரவைத்தால் உட்கார மறுக்கிறது. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்த சில பண்டிதர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: இது நாட்டு மெட்டே அல்ல, அந்தச் சீமாட்டி தாமே இயற்றி, பழைய மெட்டு என்று பெட்ரிக்கு அனுப்பியிருக்க வேண்டும். பிடில்காரன் பெயர் முன்பே இல்லை. இப்போது அவன் ஆளே இல்லை என்று ஆகிவிட்டது!

1934-ல் ஆன் கில்கிரிஸ்ட் என்ற இங்கிலீஷ் அம்மையார் வேறு விதமாக யோசித்தார். நாட்டுப் பாட்டுகளைப் பாடுகிறவர்களின் வாய்மொழியாகக் கேட்டுக் கேட்டுப் பழகியவர் அவர். கிராமத்து வித்வான் மெதுவான மெட்டு ஒன்றை வாசிக்கும்போது தாளத்தை இறுக்கிப் பிடிப்பதில்லை என்பது அவருக்குத் தெரியும். மனசு எங்கே நிற்கிறதோ அங்கே ஸ்வரமும் நிற்கும், நீளும், இழுபடும். எழுதுகிறவருக்கோ கட்டம் போட்ட காகிதம். மூன்று எண்ணிக்கையில் ஓடும் மெட்டை, வாசித்தவன் ஒவ்வொரு அடியிலும் ஒரு ஸ்வரத்தை இழுத்து நிறுத்தினால், கேட்கிறவர் அதை நான்கு எண்ணிக்கை என்று எழுதிவிடுவார். அதுதான் லிமவாடியில் நடந்திருக்கிறது என்றார் கில்கிரிஸ்ட். இழுத்த இழுப்பைக் கழித்துவிட்டு மூன்று எண்ணிக்கையில் மறுபடி எழுதிக் காட்டினார். மெட்டு மற்ற ஐரிஷ் பாட்டுகளின் வரிசையில் உறவுக்காரன் போல வந்து நின்றது. பிற்காலத்தில் ஹெம்ப்ஸனின் "இளைஞனின் கனவு" பக்கம் ஆராய்ச்சியாளர்கள் போனதற்கும் இந்தக் கண்டுபிடிப்பு வழி திறந்தது.

இதன் அர்த்தத்தைக் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டும். சொந்தமாக இயற்றுகிறவர் கணக்குத் தவற மாட்டார். அவர் போடுவதுதான் கணக்கு. காதால் கேட்டு எழுதுகிறவர்தான் கணக்கைத் தவற விடுவார். ஆகவே எழுத்தில் இருக்கும் அந்தக் கோணல், எதிரே ஒரு ஆள் உட்கார்ந்து வாசித்தான் என்பதற்குச் சாட்சி. நான்கு எண்ணிக்கையாக உலகம் பாடுகிற அந்த நீண்ட ஸ்வரங்கள், ஒரு பிடில்காரனின் வில் அன்றைக்கு எங்கே தயங்கியது என்பதன் அளவு. கைத்தறித் துணியில் இழை கொஞ்சம் தடித்திருக்கும் இடத்தைத் தொட்டால் நெய்தவனின் கை தெரிவது போல. பெயரை விட்டுவிட்டார்கள், கைரேகையை விட முடியவில்லை. ஜேன் ராஸ் கேட்டதைக் கேட்டபடி எழுதிய நேர்மையான பெண்மணி என்பதும் இதிலேயே தெரிகிறது. அவரை நாம் குறை சொல்லவில்லை.

பிறகு இந்த மெட்டுக்குச் சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. அவற்றில் நிலைத்தது ஒன்று. பிரெடரிக் வெதர்லி என்ற இங்கிலீஷ் வக்கீல், பாட்டுகள் எழுதிக் குவித்தவர், 1910-ல் "டானி பாய்" என்ற பாட்டை வேறு மெட்டுக்காக எழுதிவைத்திருந்தார், அது எடுபடவில்லை. 1912-ல் அமெரிக்காவில் கொலராடோ மலையில் ஒரு சுரங்க ஊரில் இருந்த அவருடைய சகோதரரின் மனைவி இந்த மெட்டை அவருக்கு அனுப்பினார். சொல்லைக் கொஞ்சம் தட்டிச் சரிசெய்து மெட்டில் பொருத்தினார். 1913-ல் லண்டன் பதிப்பகத்தார் வெளியிட்டார்கள். போகிறவன் ஒருவனை, திரும்பி வருவானோ, வரும்போது நாம் இருப்போமோ என்று வழியனுப்புகிற பாட்டு. மறு வருஷம் மகாயுத்தம். இரண்டு லட்சம் ஐரிஷ்காரர்கள் பிரிட்டிஷ் பட்டாளத்தில் போனார்கள். பாட்டு பற்றிக்கொள்ளாமல் என்ன செய்யும்? பஞ்சத்திலிருந்து எழுபது வருஷமாகத் துறைமுகத்தில் பிள்ளைகளை வழியனுப்பிய ஜனம் அது. இங்கிலீஷ்காரர் சொல்லாக இருந்தாலும் அழுகை அவர்களுடையது.

பாட்டு அச்சான அந்த 1913-லேயே டப்ளினில் என்ன நடந்தது? ஜிம் லார்கின் தலைமையில் சங்கம் சேர்ந்த குற்றத்துக்காக முதலாளிகள் கூடிக் கதவடைப்புச் செய்து, சுமார் 20 ஆயிரம் தொழிலாளர்களைத் தெருவில் நிறுத்தினார்கள். ஆகஸ்டில் ஆரம்பித்து அடுத்த ஜனவரி வரை பட்டினிப் போராட்டம். லார்கினோடு நின்றவர் ஜேம்ஸ் கனோலி. அவர் மார்க்ஸியவாதி, பாட்டிலும் பற்று உள்ளவர். 1907-ல் நியூயார்க்கில் விடுதலைப் பாடல்கள் என்று ஒரு தொகுப்பே போட்டவர். 1916 எழுச்சிக்குப் பிறகு, காயம்பட்டு நிற்க முடியாத அவரை நாற்காலியில் உட்காரவைத்துச் சுட்டுக் கொன்றார்கள்.

கனோலியைப் பற்றி ஒரு சம்பவம் மட்டும். மில் தோழர்கள், விசேஷமாகப் பெண் தோழர்கள் கேட்க வேண்டியது.

வடக்கு அயர்லாந்து லினன் துணிக்குப் பெயர் போனது. ஆளிச் செடியின் நாரை நூற்று நெய்வது. ரோ ஆற்றங்கரையிலும், நம் மெட்டு பிறந்த அதே சமவெளியில், லினன் ஆலைகள் இருந்தன. பெரிய ஆலைகள் பெல்பாஸ்டில். நாரை ஈரத்தில் நூற்பார்கள். தரையெல்லாம் தண்ணீர், அறையெல்லாம் ஆவி. பெண்களும் சிறுமிகளும் வெறுங்காலோடு நாள் முழுவதும் நிற்பார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் பாதி நேரம் பள்ளிக்கூடம், பாதி நேரம் ஆலை. 1911 அக்டோபரில் ஆலை முதலாளிகள் ஒரு புது விதி ஒட்டினார்கள். வேலை நேரத்தில் பாடினால் அபராதம். சிரித்தால் அபராதம். பேசினால் அபராதம். தலைமுடியைச் சரிசெய்துகொண்டால் அபராதம்!

பெண்கள் வெளியே வந்துவிட்டார்கள். கனோலி அவர்களுக்குத் துணை நின்றார். ஆனால் கையில் நிதி இல்லை. பெரிய சங்கங்களின் ஆதரவு இல்லை. நீண்ட நாள் தாக்குப்பிடிக்க முடியாது என்று தெரிந்தபோது கனோலி ஒரு யோசனை சொன்னார். திரும்பிப் போங்கள், ஆனால் ஒவ்வொருவராகப் போகாதீர்கள். எல்லோரும் ஒன்றாக, பாடிக்கொண்டே உள்ளே போங்கள். ஒருத்தி சிரித்ததற்கு மேஸ்திரி அதட்டினால் எல்லோரும் சிரியுங்கள். ஒருத்தி பாடியதற்குக் கண்டித்தால் எல்லோரும் பாடுங்கள். ஒருத்தியை வெளியே அனுப்பினால் எல்லோரும் வெளியே வாருங்கள். அப்படியே போனார்கள். கூலிக் கோரிக்கையில் வெற்றி கிடைக்கவில்லை. ஆனால் பாட்டுக்கு அபராதம் போடும் விதியை அமல் நடத்த மேஸ்திரிகளால் ஆகவில்லை. ஐரிஷ் ஜவுளித் தொழிலாளர் சங்கம் இந்தப் பெண்களை வைத்துத்தான் உருவாயிற்று.

லண்டனில் ஐரிஷ் மெட்டை அச்சடித்து விற்ற காலத்தில், பெல்பாஸ்டில் ஐரிஷ் பெண் வாயைத் திறந்து பாடினால் கூலியில் பிடித்தம். இரண்டும் ஒரே ஏகாதிபத்தியத்தின் கீழ், இரண்டே வருஷ இடைவெளியில்.

1921-ல் அயர்லாந்தை இரண்டாக வெட்டினார்கள். டெர்ரி ஜில்லா பிரிட்டிஷ் பிடியிலேயே தங்கிவிட்டது. 1972 ஜனவரி 30-ல், டெர்ரி நகரத்தில் சிவில் உரிமை கேட்டு ஊர்வலம் போன ஜனங்கள்மேல் பிரிட்டிஷ் பட்டாளம் சுட்டு 13 பேரைக் கொன்றது. காயம்பட்ட இன்னொருவர் பிறகு செத்தார். இன்றைக்கும் அங்கே ஊர்ப் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் சொன்னவன் எந்தக் கட்சி என்று கண்டுபிடித்துவிடுவார்கள். மெட்டு மட்டும் இரண்டு பக்கமும் போகும். காமன்வெல்த் விளையாட்டுகளில் வடக்கு அயர்லாந்துக்காரன் ஜெயித்தால் வாசிப்பது இந்த மெட்டுத்தான்; கத்தோலிக்கன் வீட்டுச் சாவுக்கும் இதுதான், புராட்டஸ்டண்ட் வீட்டுச் சாவுக்கும் இதுதான். மெக்ராக்கனைத் தூக்கில் போட்டவர்களால் இந்த ஒன்றைப் பிரிக்க முடியவில்லை.

இப்போது நம் தோழர் ஒருவர் பிடிலில் இதை வாசிப்பார். தயவுசெய்து காலால் தாளம் போட வேண்டாம். மெட்டு கீழே மெதுவாகத் தொடங்கும், படிப்படியாக ஏறும். பிற்பாதியில், முடிவதற்குக் கொஞ்சம் முன்னால், எட்டாத உயரத்துக்கு ஒரு தடவை போய்த் தொட்டுவிட்டு இறங்கும். பாட்டைத் தெரிந்தவர்கள் அந்த உயரத்துக்காகவே காத்திருப்பார்கள். நீங்கள் அதைவிட ஒவ்வொரு அடியிலும் வில் எங்கே நின்று நீளுகிறது என்பதைக் கவனியுங்கள்.

வாசியுங்கள், தோழரே.